ஆறடி அகலம்

— பரிசும் வேணாம், கல்லுல என் பேரும் வேணாம். பாலத்தோட அகலத்தை ஆறடியில இருந்து மூணடியாக் குறைச்ச கை எதுன்னு மட்டும் சொல்லுங்க நாகநாதண்ணே.

— காலை எட்டு மணிக்குப் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தீர்கள், சகோதரி லீமாரோஸ். மணி பதினொன்று. இன்னமும் அதே கேள்வி! பாலத்துக்குப் படம் போட்டுத் தரலாம் என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டோம். பத்தொன்பது படங்கள் வந்தன. அத்தனையையும் தள்ளி, பனைமட்டையில் நீங்கள் கட்டிக் கொண்டுவந்த மாதிரிப் பாலத்துக்கே முதற்பரிசு என்று குழுவில் வாதாடியவன் யார்? இந்த நாகநாதன்!

— அதுக்கு ஒரு கும்பிடு. நான் கேட்டது கையை.

— கையைத் தேடி என்ன பயன்? தலைவர் பொன்னுச்சாமி நிலம் படைத்தவர். அவர் உள்ளத்தின் அகலம் எவ்வளவோ, பாலத்தின் அகலமும் அவ்வளவே!

— கைதட்ட இங்கன கூட்டம் இல்லண்ணே. நீங்க, நான், அந்தச் சுவத்துப் பல்லி. அம்புட்டுத்தான்.

— மூன்றடி என்றாலும் பாலம் பாலம்தானே? கால் நனையாமல் உங்கள் பிள்ளைகள் ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கு வருவார்கள். மீன்கூடை நேரத்தோடு சந்தைக்கு வரும்.

— கூடை வரும். கட்டில் வருமா? போன ஐப்பசியில எங்க அண்ணன் பொண்டாட்டி ஜோதிமேரிக்கு வயித்துல பிள்ளை குறுக்க திரும்பிருச்சு. ஓடையில கழுத்தளவு தண்ணி. நாலு ஆம்பளைக கட்டிலத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு எறங்குனாக. நடு ஓடையில ஒருத்தன் கால் சேத்துல போயிருச்சு. ஆசுபத்திரி ஓடு கண்ணுக்குத் தெரியுது. இவ கண்ணு மூடிருச்சு. அந்தக் கட்டிலத்தான் நான் அளந்தேன். கட்டில் மூணடி. தூக்குறவுக இந்தப்பக்கம் ஒன்றரை, அந்தப்பக்கம் ஒன்றரை. ஆறடி அப்படி வந்துச்சு. சொப்பனம் கண்டு போட்ட கணக்கு இல்ல.

— துயரம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடப்பதற்கான பாலம் என்றுதானே அறிவிப்பிலேயே இருக்கிறது?

— நடக்க ஏலாதவதான் அண்ணே மொதல்ல அக்கரைக்குப் போகணும்.

— ஏத்தா லீமாரோசு! உன் சத்தம் சந்தை வரைக்கும் கேக்குதே, கருவாட்டு ஏலமா நடக்குது?

— வாங்க பிரசிடெண்டய்யா. உங்களத்தான் பேசிக்கிட்டு இருந்தோம். உக்காருங்க.

— உக்கார நேரமில்ல. ஓவர்சியர் பஸ்ஸ விட்டு எறங்கிட்டாரு. நாகநாதா, கெளம்பு. ஓடையில பாலத்துக்கு அளந்து குறி அடிக்கணும்.

— மூணடின்னு எழுதுனது நீங்கதானாம். அண்ணே சொல்றாக.

— நானா? அடப்பாவி! உங்க குப்பத்துல முந்நூறு ஓட்டு இருக்கு. அதைக் கடல்ல கொட்ட எனக்கென்ன கிறுக்கா? ஆறடிக்கே கையெழுத்துப் போட்டேன். இந்தா, தாளை நல்லாப் பாரு. ஆறை அடிச்சு மூணு எழுதியிருக்குல்ல, என்ன மை?

— பச்சை.

— இந்த ஊருல பச்சை மைப் பேனாவச் சட்டைப்பையில சொருகிக்கிட்டுத் திரியுறது யாரு?

— ... நாகநாதண்ணே?

— தலைவரே, இது நாகரிகமல்ல.

— நாகரிகத்த நீ பேசாத. ஆத்தா, இந்தக் கரையில பாலம் எறங்குற எடம் மேலத்தெரு. மொத வீடு யாருது? இந்தப் பேச்சாளரு வீடு. உங்க கல்லறைத் தோட்டம் அந்தத் தெருவுக்கு அங்கிட்டு. இப்ப நீங்க செத்தவுகளத் தூக்கிக்கிட்டு அஞ்சு மைல் சுத்திப் போறீக. பாலம் ஆறடின்னா, சவப்பெட்டி இவரு வாசல் வழியாத்தானே போகும்?

— சகோதரி, பொறுமையாகக் கேளுங்கள். என் கொள்கையில் கறை இல்லை. மேலத்தெரு இன்னும் பக்குவப்படவில்லை. என் தந்தை இரண்டு நாளாக அன்னம் தொடவில்லை. முதலில் உயிருள்ளவர்கள் நடந்து பழகட்டும். பத்தாண்டு கழியட்டும். பிறகு அகலப்படுத்துவோம்.

— சுதந்திரம் வந்து பன்னெண்டு வருசம். அதுக்கு மேல இன்னும் பத்தா? உங்க அய்யா ரெண்டு நாள் சோறு திங்கல. ஜோதிமேரி புருசன் எத்தனை நாள் திங்கலன்னு கேட்டீகளா? "சுடுகாட்டுச் சாம்பலில் சாதியைப் பிரித்துக் காட்டு"ன்னு தேரடியில முழங்குனீகளே! கைப்பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னு கேட்ட சிறுக்கி நானு. எனக்குச் சொல்லுங்க. சாம்பல்ல தெரியாத சாதி பெட்டியில மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?

— மேடை வேறு...

— முடிங்க. மேடை வேற, வாசல் வேற. அதானே? இந்தப் பொன்னுச்சாமி அய்யாவ எங்களுக்குத் தெரியும். மானம் கறுத்தாக் குடை எடுக்குற மாதிரி இவுகளக் கண்டா உசாரா இருப்போம். உங்களை நம்பித்தானே குடையை வீட்டுல வச்சுட்டு வந்தோம்?

— ஏத்தா, நடுவுல என்னையும் ஏசிப்புட்டியே!

— ஏசலய்யா, மரியாதைதான் செஞ்சேன். வெளுத்த சட்டைக்குள்ள ஒளியத் தெரியாத மனுசரு நீங்க. சரி, அந்த மூணை நீங்க அடிச்சு ஆறு எழுதுங்க.

— அது ஏலாது. மூணை எழுதுனது நான் இல்ல. ஆனா மேலத்தெருவப் பகைச்சுக்கிட்டு அதை அழிக்கவும் மாட்டேன். ஓட்டு அங்கிட்டும் இருக்குல்ல?

— பார்த்தீர்களா சகோதரி? தலைவரும் என் வழிக்கே வந்துவிட்டார். காலம்தான் கனிய வேண்டும்.

— காலம் என்ன மாம்பழமா, நீங்க வைக்கோல்ல பொதிஞ்சு வைக்க? அது கனியுற வரைக்கும் எங்க வீட்டுப் பொம்பளைக வலியை அடக்கிக்கிட்டுக் கெடக்கணுமாக்கும்!

— வாசல்ல குறுக்க நிக்காத தாயி. வெயில்ல ஓவர்சியர் காத்துக்கிட்டு இருப்பாரு.

— தாராளமாப் போங்க. இனித் தடுக்கல. மூணடிக்குக் குறி அடிக்க நாகநாதண்ணே ஓடைப்பக்கம் தலைகாட்டிறக் கூடாதுன்னுதான் காலையில இருந்து தொண்டைத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டு நின்னேன். கடல் உள்வாங்கி ஓடையில தண்ணி வத்தியிருந்த நேரத்துல எங்க ஆளுக மொத்தமா எறங்கிப் பனங்காலு அம்புட்டையும் ஊண்டி, குறுக்குச் சட்டமும் அடிச்சு முடிச்சிருப்பாக. அகலம் ஆறடி. இப்பக் கடல் பொங்கி ஓடையில தண்ணி ஏறிருக்கும். புடுங்கணும்னா, மேலத்தெருவுல முங்கத் தெரிஞ்ச ஆம்பளை எவன் இருக்கான்னு தண்டோரா போடுங்க.