தண்ணீர் கேட்டவளை எங்கே காணோம்?

தலைமை நாற்காலியைத் தகுதியால் நிரப்பியிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, முதுகுவலியை மறந்து முன்வரிசையில் முறையாக அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, குழந்தையை மடியிலும் அடுப்பை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே, இன்றைய நாடகத்தை எழுதி இயக்கியிருக்கும் என் மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களே, மேடை ஓரத்தில் திரைக்கயிற்றைப் பிடித்தபடி நிற்கும் மருந்துக்கடைச் சகோதரியே, அனைவருக்கும் என் வணக்கம்!

கடைசியாக அழைத்தவரைச் சற்று நினைவில் வையுங்கள். அவருக்காகத்தான் பேசப் போகிறேன்.

வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். வாழ்த்தும் எண்ணத்தோடுதான் இருந்தேன், நேற்று மாலை ஒத்திகையைப் பார்க்கும்வரை.

யாரது, "சுருக்கமா பேசுங்கம்மா" என்பது? தம்பி, கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள் நான். கையெழுத்து சாய்ந்தாலே விரல் முட்டியில் அளவுகோல் விழும். அளவு எனக்குத் தெரியும். உட்காருங்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஒரே ஏரி. ஏரிக்கு ஒரே மதகு. மதகுக்கு ஒரே சாவி. அந்தச் சாவி கோட்டைத்தலைவனின் இடுப்பில். ஊர் காய்கிறது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக ஒரு தாய் கோட்டை வாசலில் நின்று ஒரு குடம் தண்ணீர் கேட்கிறாள். அவன் குடத்தை எட்டி உதைக்கிறான். பிள்ளை இறக்கிறது. அவள் அழுகையைக் கேட்ட ஒரு வீரன் மதகை உடைக்கிறான். அவ்வளவுதான் கதை.

இதே மண்டபத்தில் இதே கதையை முன்பும் நடித்தார்கள். கோட்டைத்தலைவனாக நடித்தவர் காலமான என் கணவர். தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவர். கொசுவைக்கூடக் கையால் விசிறி அனுப்புவாரே தவிர அடிக்க மாட்டார். பிறகு ஏன் வில்லனானார்? கறுப்பாக இருந்தார், தொப்பை இருந்தது, குரல் கனமாக இருந்தது. வேறு தகுதி வேண்டுமா? வீரனாக நடித்தவர் சிவப்பாக, சுருட்டை முடியோடு இருப்பார். இரண்டு வரி வசனம் சேர்ந்தாற்போல் நினைவிருக்காது.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். பழைய கதைகள் பிழையில்லாதவை என்று சொல்ல நான் வரவில்லை. நல்லவனுக்கு நிறம் கொடுத்தார்கள், கெட்டவனுக்கு மீசை கொடுத்தார்கள். நல்லவன் ஏன் நல்லவன்? கேட்கக் கூடாது! கெட்டவன் ஏன் கெட்டவன்? கேட்கவே கூடாது! அவனுக்குத் தாய் இல்லை, தூக்கம் இல்லை, தலைவலி இல்லை. சிரிப்பு மட்டும் உண்டு. அந்த அசட்டுத்தனம் எனக்கும் சலிப்புத்தான்.

ஆனாலும் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. திரை விலகுமுன் வில்லன் தன் கையால் அந்தத் தாய் வேடக்காரிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டும். மேடையில் மறுக்கப் போகும் தண்ணீரை மறைவில் கொடுத்துவிட்டுத்தான் இவர் மீசையை ஒட்டிக்கொள்வார்.

ஒருமுறை நாடகம் முடிந்த மறுநாள் இவர் முகச்சவரத்துக்குப் போனார். கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கடைக்காரர் கேட்டாராம்:

"ஏன் சார், அந்தப் பொம்பளைக்கு ஒரு குடம் தண்ணி குடுத்தா உங்க ஏரி வத்திடுமா?"

பாதி முகத்தில் நுரையோடு வீட்டுக்கு ஓடி வந்தார். "ஜெயிச்சுட்டேன்டி!" என்றார்.

"கழுத்துல கத்தி வச்சிருக்கான், இதுல என்ன ஜெயிப்பு?" என்றேன்.

"அட, அவன் என்னைத் திட்டலடி. அவளுக்காகக் கேக்குறான். அவ அழுதது அவன் காதுல விழுந்திருக்கு. அதுக்குத்தானே நான் இம்புட்டுக் கத்துறேன்?"

வில்லன் என்ற வேலைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இனி நேற்றைய ஒத்திகைக்கு வருகிறேன். மாப்பிள்ளை, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம், உங்களிடம் மரியாதையாகத்தான் பேசுகிறேன். கோட்டைத்தலைவனுக்கு இப்போது ஒரு பிள்ளைப்பருவம் வந்திருக்கிறது. அப்பா அடித்த காட்சி வந்திருக்கிறது. புல்லாங்குழல் வந்திருக்கிறது. காதல் வந்திருக்கிறது, அது தோற்றும் போயிருக்கிறது. இவ்வளவும் வந்தால் நேரம் போதுமா? போதவில்லை. எனவே ஒரே ஒரு காட்சியை எடுத்துவிட்டார்கள். எந்தக் காட்சி?

ஆம், அதுதான். தண்ணீர் கேட்ட தாயின் காட்சி!

விளைவு என்ன? கடைசியில் வீரன் வருகிறான், வாளை உருவுகிறான், "அந்தத் தாயின் கண்ணீருக்குப் பதில் சொல்!" என்று முழங்குகிறான். எந்தத் தாய்? யாருடைய கண்ணீர்? பக்கத்தில் இருந்த எதிர்வீட்டு அம்மாள் என் காதில் கேட்டார்: "யாருங்க இந்த ரவுடி? பாவம், குழல் ஊதிக்கிட்டுச் சிவனேன்னு இருக்கற மனுஷனோட மதகை இவன் எதுக்கு உடைக்கிறான்?"

கெட்டவன் நல்லவனாகிவிட்டான், நல்லவன் ரவுடியாகிவிட்டான். ஒருவர் மனம் மாறியதாலா? ஒருத்தி காணாமல் போனதால்!

"மாப்பிள்ளை, இது என்ன?" என்று கேட்டேன்.

"அத்தை, இப்ப முழுசா நல்லவன், முழுசா கெட்டவன்னு யாரும் கிடையாது. எல்லாமே சாம்பல் நிறம்தான்" என்றார்.

"சாம்பல்னா ஏதோ எரிஞ்சிருக்கணுமே மாப்பிள்ளை. எது எரிஞ்சதுன்னு காட்டினீங்களா?"

"நேரமில்லை அத்தை."

நேரமில்லை! புல்லாங்குழலுக்கு நேரமுண்டு, புலம்பலுக்கு நேரமில்லை! உதைத்தவனின் வலிக்கு நேரமுண்டு, உதைபட்டவளின் வலிக்கு நேரமில்லை! இதற்குப் பெயர் புதுமையா? இதற்குப் பெயர் பெருந்தன்மையா? அவள் சார்பில் அவனை மன்னிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அந்தத் தாயாக நடிக்க இருந்தவர் இந்தச் சகோதரி. மருந்துக்கடையில் நாள் முழுவதும் நின்று, கால் வீங்க வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுது பழகியவர். அந்த வீட்டுச் சுவர் என் சுவர், எனக்குக் கேட்கும். முதல் முறை நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது என்று செருப்புப் போடாமல் ஓடினேன். கதவைத் திறந்தவர் சிரித்துக்கொண்டே, "நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

அவருக்கு நேற்றுக் கைப்பேசியில் ஒரு செய்தி போனது: உங்கள் காட்சி இல்லை, திரை இழுக்க ஆள் வேண்டும். இவரும், "பரவால்லம்மா, ஏதோ ஒரு வேலை" என்று கயிற்றைப் பிடித்துவிட்டார். பரவாயில்லையா? எனக்குப் பரவும்! எனக்கு நேற்று இரவு உணவு இறங்கவில்லை.

கெட்டவனுக்குக் காரணம் சொல்லுங்கள். தாராளமாகச் சொல்லுங்கள். என் கணவர் இருந்திருந்தால் அந்தப் புல்லாங்குழலைக் கண்டு பூரித்திருப்பார். வீரனையும் தட்டிக் கேளுங்கள். அவன் வாளுக்கும் கணக்கு உண்டு. ஆனால் அவள் வந்து கேட்ட பிறகு சொல்லுங்கள். அவளை மேடையில் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். பழைய கதை அவளைக் காப்பாற்றப்படும் பொருளாக வைத்தது; புதிய கதை அவளை வைக்கவே இல்லை. யார் வீரன், யார் வில்லன் என்று தீர்மானிக்க வேண்டியவள் அவள் அல்லவா?

கை தட்டாதீர்கள். பதில் சொல்லுங்கள். அவள் வேண்டுமா, வேண்டாமா?

சரி. "வேணும்" என்றது பின்வரிசை வரை கேட்டது.

மாப்பிள்ளை, எழுந்துவிட்டீர்களா? வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்கிறீர்களா? வீட்டில்தான் நேற்றே பேசினேனே! குழலில் கொஞ்சம் குறையுங்கள், குடத்துக்கு இடம் வரும். உதைக்கக் குடம் இல்லையென்றால் என் வீட்டுக் குடம் ஒப்பனை அறையில் இருக்கிறது; வரும்போதே கொண்டுவந்தேன்.

யாரது படியேறி வருவது? கோட்டைத்தலைவனாக நடிக்கும் பல் டாக்டர் தம்பியா? மீசை இன்னும் ஒட்டவில்லையே. கையில் என்ன? தண்ணீரா? என்னிடம் ஏன் நீட்டுகிறீர்கள், நானா நடிக்கப் போகிறேன்? அவரிடம் கொடுங்கள். அப்படி. அவர் குடித்து முடிக்கும்வரை நில்லுங்கள்.

சகோதரி, கயிற்றை விட்டுவிட்டு உள்ளே போங்கள். இழுக்க ஆள் வந்துவிட்டார். மாப்பிள்ளை, இரண்டு கையாலும் பிடியுங்கள், அது கனமான திரை.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், வாய்திறந்து பதில் சொன்ன தாய்மார்களுக்கும், வெட்டியதை ஒட்டச் சம்மதித்த என் மாப்பிள்ளைக்கும் நன்றி. அவள் வந்து நிற்கும்போது யாரும் இருமக்கூட வேண்டாம். வணக்கம்.