ஐஸ் பெட்டிக்காரன் பார்த்த படம்

இல்ல சார், ஜொரம்லாம் இல்ல. தொட்டுப் பாருங்க, ஒடம்பு ஜில்லுனுதான் கீது. காலைல ஒரு படம் பாத்தேன், அதுலேர்ந்து பயம் புடிச்சிகினு கீது. சிரிக்காதீங்க சார். பொணத்தோட பொழங்கறவன் நானு. பன்னெண்டு வருசமா சாவு ஊட்டுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு உட்டுகினு கீறேன், அம்பத்தூர், ஆவடி சைடு பூரா நம்ம பெட்டிதான் போவும். பூபாலன் பயந்துட்டான்னு சொன்னா எங்க பசங்களே நம்ப மாட்டானுங்க.

மாத்திரைலாம் எழுதாதீங்க சார். ரெண்டு நிமிசம் காது குடுங்க. வெளிய நாலு பேரு குந்திகினு கீறாங்க, பாத்துட்டுதான் வந்தேன், அவுங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. எனக்கு சாய்ங்காலம் நாலு மணிக்குள்ள ஒரு விசயம் தெரிஞ்சாவணும்.

இன்னிக்கு எட்டு மணிக்கு திருமுல்லைவாயில்ல ஒரு ஊட்டுல பெட்டி எறக்குனேன். எப்பவும் எறக்கிட்டு வந்துடுவேன். அந்தத் தெருல கரண்ட் ஏறி எறங்கிகினே கீது, பெட்டி நின்னுடப் போவுதேன்னு வண்டிய எதிர்ல ஓரங்கட்டிட்டு உள்ளயே ஒக்காந்துட்டேன். போன்ல காமெடி பாத்துகினு இருந்தேனா, அது முடிஞ்சி தானா இந்தப் படம் வந்துச்சி. வெள்ளக்காரன் படம்தான், ஆனா இங்கிலீஷ் இல்ல. இத்தாலியோ இன்னா எழவோ. எங்கப்பனுக்கு கல்யாணம் ஆவறதுக்கு முன்ன எடுத்தது மாதிரி கீது. ஒரே மெழுகுவத்தி ஸ்டாண்டுதான் எல்லா ரூம்லயும் வருது. வவ்வாலு பறக்குது, கட்டுன நூலு தெரியுது. ரத்தம்னு ரோஸ்மில்க்க ஊத்தி வெச்சிகீறானுங்க. எனக்கு சிரிப்பு தாங்கல. சாவு ஊட்டு வாசல்ல இன்னாய்யா சிரிப்புன்னு ஒர்த்தர் மொறைச்சிட்டுப் போனாரு.

பாசை தெரியாட்டி இன்னா சார், கதை புரியுது. பெரிய பங்களா. அதுல ஒரு பணக்காரன், பொண்டாட்டி செத்துப்போச்சின்னு அத்த கண்ணாடிப் பெட்டில போட்டு கீழ் ரூம்ல வெச்சிக்கிறான். தெனம் கண்ணாடி தொடைக்கறதுக்குன்னே ஒரு வேலக்காரன். அவனுக்கு ஒட்டு மீசை, ஒரு பக்கம் பேந்துகினு தொங்குது. அவன் வந்து தொடைக்கறான். எல்லா எடமும் பளிச்சினு ஆவுது, அந்தப் பொம்பள வாய்க்கு மேல மட்டும் வட்டமா ஒரு புகை, போவல. திரும்பத் தொடைக்கறான். ஊதி ஊதித் தொடைக்கறான். அப்டியே நிக்கறான். அந்த எடத்துல மியூசிக்கூட போடல சார், காசு இல்ல போல. அங்கதான் எனக்கு சிரிப்பு நின்னுபோச்சி.

புகை உள்பக்கம் சார்.

அவன் யாராண்டயும் வாயத் தொறக்கல. பெரிய டாக்டரே செத்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்துட்டாரு, கண்ணாடி தொடைக்கற நாயி உனக்கு இன்னாடா தெரியும்னு கேப்பாங்கல்ல. மறுநாளும் வந்து தொடைக்கறான், புகை சின்னதாயிடுச்சி. அதுக்கு மறுநாள் இன்னும் சின்னது. அப்பால ஒரு நாள் வரான், கண்ணாடி சுத்தமா கீது. அவ்ளோதான் படம்.

பெல்லு அடிக்காதீங்க சார், இருங்க. எங்க பெட்டிலயும் புகை கட்டும், அது சகஜம். ஆனா வெளிப்பக்கம்தான் கட்டும். உள்ள ஜில்லு, வெளிய புழுக்கம், அதான். துணி போட்டு ஒரு இழுப்பு இழுத்தா போய்டும். இன்னிக்கும் எட்டரைக்கு, மூஞ்சி தெர்லன்னு சொந்தக்காரங்க சொன்னாங்கன்னு தொடச்சேன். வாய்க்கு நேரா உள்ளங்கை அளவு மட்டும் போவல. கண்ணாடி பழசாயிடுச்சின்னு நெனச்சிகினு, மாலைய அது மேல நகத்தி மறைச்சிட்டு வந்துட்டேன். படம் முடிஞ்சதும் உள்ள ஓடி மாலைய எடுத்துப் பாத்தேன். இன்னும் கீது சார். ஆனா சின்னதாயிடுச்சி.

யார் ஊடா? அழகேசன் ஊடு. ஆமா சார், காலைல ஏழு மணிக்கு நீங்க வந்து கையப் புடிச்சிப் பாத்துட்டு எழுதிக் குடுத்தீங்களே, அவருதான். நான் உங்களக் கொற சொல்ல வர்ல. சக்கர மாத்திரைய போட்டுகினு ராத்திரி சாப்டாமயே படுத்துட்டாருன்னு அவரு பொண்டாட்டி சுலோசனாம்மா சொல்லிச் சொல்லி அழுதுகினு இருந்துச்சி. அத்த உங்களாண்ட சொன்னாங்களா இல்லியா, எனக்குத் தெர்ல. சக்கர ரொம்ப எறங்கிட்டா ஆளு பொணமாட்டம் கெடப்பாங்கன்னு கேள்வி. பொண்ணு கோயம்புத்தூர்லேர்ந்து வந்துகினு கீது, வந்ததும் நாலு மணிக்குப் பொதைக்க எடுக்கறாங்க.

வாங்க சார், வண்டி வாசல்லயே நிக்குது. அந்தம்மாவாண்ட நான் மூச்சு உடல. நான் ஒண்ணு சொல்லி, அது இல்லேன்னு ஆயிட்டா, ஒரே நாள்ல ரெண்டு தபா தாலியறுக்கணும் அது. கரண்ட் சரியில்லன்னு சொல்லி பெட்டிய ஆஃப் பண்ணிட்டேன். மூடியத் தூக்கி, பக்கத்துல கெடந்த ஊதுவத்தி டப்பாவ நடுவுல சொருகி வெச்சிகீறேன், கொஞ்சம் காத்து போவட்டும்னு.