பானெட் மேல் தூங்கிய பூனை

சிங்கப்பூரில், தேக்கா சந்தையிலிருந்து ஈசூன் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் மீன் பையோடு ஒரு அம்மா, பக்கத்தில் அவருடைய தோழி.

“இந்த மத்தி வீட்டுக்கில்ல லா. அந்தப் பூனைக்கு.”

“எந்தப் பூனை, அக்கா?”

“நேத்து ஒரு பழைய எஸ்யூவி பாக்கப் போனேன்ல? விக்கிறவரு, ‘மூணு நாளா ஸ்டார்ட்டே பண்ணல, நீங்களே பண்ணிப் பாருங்க’ன்னாரு. காலையில நல்ல மழை, குளிரு. பானெட் மேல ஒரு பூனை சுகமா சுருண்டு தூங்குது. கைய வெச்சுப் பாத்தேன், சூடு!”

“முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காரு!”

“அதேதான். எஞ்சின் சூடா இருந்தா, கோளாறு இருந்தாலும் சத்தம் வராதுல்ல? சாவியக் கையிலயே வெச்சுக்கிட்டு, கீழ காப்பிக்கடையில மூணு மணி நேரம் உக்காந்தேன். ஆறுனப்புறம் போயி ஸ்டார்ட் பண்ணேன். கடகடன்னு எஞ்சினுக்குள்ள டைமிங் செயின் தேஞ்ச சத்தம், பின்னாடி ஆயில் எரியுற நீலப் புகை. அவரு மூஞ்சியப் பாக்கணுமே!”

“வாங்கலையா?”

“வாங்குவனா?”

தோழி சிரித்தார். “மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போங்கன்னு அப்பவே சொன்னேன், கேக்கல.”

அந்த அம்மா மீன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“மெக்கானிக் அங்கேயே இருந்தாரு லா. அவருக்குத்தான் கூலி கொண்டு போறேன்.”