நான்கு நிமிடப் பச்சை

உலக வரலாற்றைப் புரட்டிப்போட்ட முடிவுகளில் ஒன்று 2001 மார்ச் மாதம் ராயபுரத்தில், ஒரு மீன் குளிர்பதனக் கம்பெனியின் மாடியில், என்னால் எடுக்கப்பட்டது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மற்றதைப் பிறகு எழுதலாம். அன்றைக்கு டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

என் பெயர் கருணாகரன். வயது நாற்பத்தாறு. இரண்டாயிரமாவது வருடம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று பயந்து என் போன்ற பழைய ஆட்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். வருடம் பிறந்தது, ஒன்றும் படுக்கவில்லை, எங்களை அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஏழு மாதம் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கூட்ஸ் வண்டிகளைப் பார்த்துவிட்டு மாலையில் களைப்பாக வீடு திரும்பினேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. களைப்பு மட்டும் நடிப்பில்லை.

அப்படிப்பட்டவனை வேலைக்கு எடுத்தவர் சவரிநாதன். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மூன்று இடத்திலும் அவருக்கு ஐஸ் பிளான்ட். ஐஸ் பிளான்டில் கம்ப்ரசர் ரூம் என்று ஒன்று உண்டு. குழாய்களில் அம்மோனியா ஓடும். அது கசிந்து அந்த மூடிய அறையில் நிறைந்தால், கதவைத் திறக்கிறவன் இரண்டாவது மூச்சு விடமாட்டான். அதனால் உள்ளே கருவி வைத்து, வெளியே கம்ப்யூட்டர் திரையில் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு காட்ட வேண்டும். இதுதான் வேலை.

சிக்கல் என்னவென்றால் மூன்று இடத்திலும் மூன்று ஜாதிக் கம்ப்யூட்டர். இரண்டில் புதுசும் பழசுமாக விண்டோஸ். எண்ணூரில் முதலாளியின் மச்சான் பையன் ஓசியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த கிழட்டு மிஷின். இங்கேதான் ஃபிரேம்வொர்க் வருகிறது. ஜன்னல், பொத்தான், விளக்கு எல்லாம் முன்கூட்டியே செய்து அடுக்கிவைத்த சாமான் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தேர்ந்தெடுத்த பெட்டியில் ஒருமுறை எழுதினால் போதும், எந்த மிஷினிலும் ஓடும். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். அது நிரபராதி.

என்னோடு வேலை பார்த்த ஜானட் என்ற பெண் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், எண்ணூர் மிஷினுக்கு இதெல்லாம் தாங்காது. விண்டோஸுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு குட்டி புரோகிராம் எழுதிடலாம். சுவிட்சு போட்டா வந்து நிக்கும்."

நான் பதினொரு பக்கத்தில் ஒப்பீட்டு அறிக்கை எழுதினேன். மூன்று ஃபிரேம்வொர்க், பதினான்கு அளவுகோல், பத்துக்கு மதிப்பெண். தொலைநோக்கு என்று ஒரு அளவுகோல். என்னுடையதற்கு அதில் பத்து. சவரிநாதன் அறிக்கையைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "கனமா கீதுபா. நீ சொல்றதே இருக்கட்டும்" என்றார். பெஞ்சை விட்டு எழுந்து ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் மனிதனானேன்.

விநியோகமும் நானேதான் செய்தேன். சி.டி.யை டிபன் பாக்ஸ் பையில் வைத்து எலெக்ட்ரிக் டிரெயினில் எண்ணூருக்குக் கொண்டுபோனேன். ஏற்றினேன். ஓடியது. திரையில் விளக்குகள் வர நான்கு நிமிடம் பத்து நொடி ஆனது. அதுவரை வெறும் சாம்பல் நிறம். மூன்று நாளில் முதலாளி வந்து பார்ப்பதாக இருந்தார்.

என்னால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தேன். நான்கு நிமிடம் நான்கு நிமிடமாகவே இருந்தது. எனக்கோ கண்ணை மூடினால் கொருக்குப்பேட்டை பெஞ்சு தெரிந்தது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் திரையை அப்படியே படம் பிடித்து, நிரல் தயாராகும்வரை அந்தப் படம் தெரியும்படி வைத்தேன். பன்னிரண்டு விளக்கு, பன்னிரண்டும் பச்சை. முதலாளி வந்தார், சுவிட்சைப் போட்டோம், கம்ப்யூட்டர் எழுந்ததுமே திரை வந்துவிட்டது. "ஜோரா கீது" என்றார்.

ஜானட் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சார், அது போட்டோ."

"தெரியும்மா. நாளைக்கு எடுத்துடறேன்."

எடுக்கவும் செய்தேன் ஐயா, அதையும் பதிவு செய்ய வேண்டும். அடுத்த வாரம் முதலாளி வந்து, "இன்னாபா, அன்னிக்கு டக்குனு வந்துச்சு, இன்னிக்கு தூங்கினுகீது" என்றார். திரும்பவும் வைத்துவிட்டேன். மாதக் கடைசியில் ஜானட் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அவள் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

எண்ணூர் ஆபரேட்டர் பெயர் அம்புரோஸ். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவருக்கு அம்மோனியா வாடையே தெரியாது. "மூக்கு மூஞ்சில சும்மா குந்தினுகீது சார்" என்பார். கதவைத் திறப்பதற்கு முன் கந்தகக் குச்சி ஒன்றைக் கொளுத்திக் கதவிடுக்கில் காட்டுவார். வெள்ளைப் புகை கிளம்பினால் உள்ளே கசிவு. பரம்பரை பரம்பரையாக எல்லா ஐஸ் பிளான்டிலும் இதுதான் பழக்கம். நவீன யுகத்தில் குச்சியா என்று நான்தான் அதை நிறுத்தச் சொன்னேன்.

"பச்சைன்னா போலாமா சார்?"

"போலாம்."

"கரண்டு போயி வந்தா?"

"வந்த உடனே காட்டும் அம்புரோஸ்."

"அப்ப சரி நைனா. உன்னிய நம்பி குச்சிய கடாசிட்டேன்" என்று சிரித்தார்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. ஒன்று ஐம்பத்தைந்துக்கு வந்தது. இதற்கு நடுவில் அம்மோனியாக் குழாயில் ஒரு பழைய இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. கம்ப்யூட்டர் எழுந்தது, நிரல் தானாகத் தொடங்கியது, படம் வந்தது. இரண்டு மணி ஷிப்டுக்கு வந்த அம்புரோஸ் திரையைப் பார்த்தார். பன்னிரண்டும் பச்சை. கதவைத் திறந்தார். நான்கு நிமிடம் பத்து நொடியில் மூன்று விளக்குகள் சிவப்பாயின. நிரலில் பிழை எதுவும் இல்லை. சிவப்பு வந்தபோது பார்க்கத்தான் அங்கே ஆள் இல்லை.

அன்று மாலையே கோளாறு என்னவென்று பார்ப்பதாகச் சொல்லி எண்ணூர் போனேன். படத்தை அழித்துவிட்டு, 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று எழுதிய சாம்பல் திரையை வைத்தேன். மறுநாள் நீங்கள் வந்து பார்த்தது அதைத்தான்.

உங்கள் விபத்து விசாரணை அறிக்கையின் முதல் பக்கத்தில், இயக்குபவர் திரை தயாராகும்வரை காத்திராமல் அஜாக்கிரதையாக உள்ளே சென்றார் என்று இருக்கிறது. அவர் மனைவி சிலுவையம்மாள் இரண்டு மாதமாக எங்கள் ஆபீஸ் படியில் வந்து உட்காருகிறார். கம்பெனி என்ன தரும் என்று கேட்பதில்லை. "அடுப்பு பத்த வெக்கவே ரெண்டு தபா பாக்கற ஆளு சார். பாத்துட்டுதான் போயிருப்பாரு. அத்த மட்டும் எழுதச் சொல்லுங்க" என்கிறார். ஒவ்வொரு முறையும் நான் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

அந்தப் பக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. நேற்றுத்தான் இரண்டாம் பக்கம் கைக்கு வந்தது. 'பொருத்தமற்ற ஃபிரேம்வொர்க் தேர்வு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன். அம்புரோஸ் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் பார்த்த பச்சை நான் வைத்தது. அவர் குச்சியை நிறுத்தியது நான். படத்தை அழித்ததும் நான். இதையெல்லாம் முதல் பக்கத்தில் தாராளமாக எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாம் பக்கத்தில் அந்த 'பொருத்தமற்ற' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். பதினான்கு அளவுகோல் வைத்துச் சீர்தூக்கி எடுத்த முடிவு அது.

மற்ற இரண்டு ஃபிரேம்வொர்க்கையும் நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.