ஒரு பிடி மல்லி விதை

கொத்தமல்லி பூக்க ஆரம்பித்ததும் பலர் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். இனி இலையில் ருசி இருக்காது என்று நினைப்பு. உண்மைதான், இலை கசந்துபோகும். ஆனால் பொறுத்திருந்தால் பூ கிடைக்கும், பூவுக்குப் பின் பச்சை விதை கிடைக்கும், அது காய்ந்தால் அடுத்த வருஷத்துக்கு ஆகும். இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அண்ணி. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

அண்ணி வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் இந்த வீட்டில் நான்தான் சமைத்தேன். அம்மா இறந்தபோது ஒன்பதாம் வகுப்பில் பாதி முடித்திருந்தேன். அண்ணனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. காலை ஆறரைக்கே டப்பாவில் சாப்பாடு வேண்டும். பள்ளிக்கூடத்தை விடச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. தட்டில் போட்டதை அண்ணன் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்து போவான். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அது அவனுடைய நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

வந்த முதல் கோடையிலேயே அண்ணி, துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே சும்மா கிடந்த மண்ணைக் கொத்தி மல்லியும் பெருஞ்சீரகமும் போட்டாள். இரண்டையும் பூக்கவிட்டாள். முட்டையை அடித்து ஊற்றி, அது இறுகுவதற்குள் கொத்தமல்லிப் பூவைத் தூவுவாள். பச்சை விதையைக் கரண்டியின் முதுகால் நசுக்கி, வெந்த உருளைக்கிழங்கில் புரட்டுவாள். ஒரு நாள் அண்ணன் வாய் நிறையக் கிழங்கோடு தலையைத் தூக்கினான்.

"என்ன வாசனை இது, ஆளைத் தூக்குதே. ஏய் சிட்டு, இத்தனை வருஷமா எனக்கு வைக்கோலா போட்டுட்டிருந்த?"

அண்ணி அவன் தோளில் ஒன்று வைத்தாள். "அந்த வைக்கோலைத் தின்னுதான் இவ்வளவு உயரம் வளந்தீங்க. வாய மூடிட்டுச் சாப்பிடுங்க."

மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான். அண்ணி நல்லவள். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

கோடை முடிந்து விதைகளைச் சேர்க்கும்போது அவற்றை இரண்டு டப்பாவில் பிரித்து வைத்தாள். "இது சமையலுக்கு, இது விதைக்கு. மாத்திடாத சிட்டு. வறுத்தா வாசனை வரும், ஆனா உள்ள இருக்கிற உயிர் போயிடும். வெளியில பாத்தா ஒண்ணுமே தெரியாது." நான் மாற்றவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அண்ணிக்கு முதல் கரு கலைந்தது. அதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்த கோடை தொடங்கியபோது அவளுக்கு மறுபடி இரண்டு மாதம். விதை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியுது. ஆனா மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன். இது முளைச்சா என் வயித்துல இருக்கிறதும் நிக்கும். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத, கேலி பண்ணுவார்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அவள் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தபோது, அந்த விதைகளைச் சட்டியில் போட்டு, சின்னத் தீயில், நிறம் மாறாத அளவுக்குச் சூடாக்கினேன். தட்டில் கொட்டி ஆறவைத்து, திரும்ப டப்பாவில் போட்டேன். கால் மணி நேர வேலை.

பத்து நாளில் முளைக்க வேண்டியது முளைக்கவில்லை. பதினைந்தாவது நாள் அண்ணி விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். விதை போட்டபடியே கிடந்தது. "இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம் அண்ணி" என்றேன். போட்டாள். தண்ணீர்கூட நான்தான் ஊற்றினேன். மூன்றாம் தடவையும் போட்டாள். அதற்குள் அவள் சாப்பாடு பாதியாகக் குறைந்திருந்தது. குழந்தை நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதை அவள் நம்பவில்லை. விடிந்ததும் எழுந்து போய் அந்தப் பாத்திக்கு முன்னால் குந்தியிருப்பாள். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"சில பேருக்குக் கைராசி இருக்காது அண்ணி. அதுல உங்க தப்பு என்ன இருக்கு."

அவள் தன் உள்ளங்கைகளை விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு தட்டைத் தொடுவதே அபூர்வமாயிற்று. நான்காம் மாதத்தில் அந்தக் கருவும் போனது. காரணம் இதுதான் என்று மருத்துவரே உறுதியாகச் சொல்லவில்லை. அப்படியிருக்க நான் எப்படிச் சொல்வது. நான் அண்ணியைத் தொட்டதுகூட இல்லை.

அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அண்ணன் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

அன்று டப்பாவிலிருந்த விதை சட்டிக்குப் போவதற்கு முன்னால், ஒரு பிடி விதையைக் காகிதத்தில் மடித்து என் துணிப்பெட்டியில் வைத்திருந்தேன். அதை அதே பாத்தியில் போட்டேன். ஒன்பதாம் நாள் முளைத்தது. வளர்ந்தது, பூத்தது. முட்டையில் பூவைத் தூவினேன். உருளைக்கிழங்கில் பச்சை விதையைப் புரட்டினேன். அண்ணி வைத்த அதே அளவு, அதே சட்டி. அண்ணன் குனிந்தபடியே சாப்பிட்டுக் கைகழுவினான்.

போன வாரம் அவன் சொன்னான்: "தோட்டத்துல மல்லி விளைஞ்சிருக்குன்னு போன்ல அவகிட்ட சொன்னேன். அதுல ஒரு பிடி விதை அனுப்பச் சொன்னா. அங்க ஒரு தொட்டியில போட்டுப் பாக்கணுமாம். முளைச்சா திரும்பி வந்துடுறேன்னு சொல்றா." சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கியது. அண்ணி இல்லாமல் வீடு வீடாக இல்லை என்பது எனக்கும் தெரியும்.

நல்ல முற்றிய விதைகளாகப் பொறுக்கி எடுத்தேன். வெயிலில் மூன்று நாள் காயவைத்தேன். ஈரம் மிச்சமிருந்தால் வழியில் பூஞ்சை பிடித்துவிடும் என்று, பொட்டலம் கட்டுவதற்கு முன் சட்டியில் போட்டுக் கொஞ்சம் சூடு காட்டினேன்.

கூடத்தில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கினான்.

"என்ன சிட்டு பண்ற? வாசனை ஆளைத் தூக்குதே."

ஏழு வருஷத்தில் முதல் தடவை.