வலது பக்கத் தலகாணி

அண்ணி: இன்னும் கொஞ்சம் தள்ளு… படத்துல உங்க அண்ணன் மூக்கு மேல எழுத்து ஏறி உக்காந்திருக்கு பாரு.

நாத்தனார்: உக்காரட்டுமே. எங்க அண்ணன் மூக்குல ஒரு கடுதாசியே எழுதலாம்.

அண்ணி: மெதுவா பேசுடி. உள்ளதான் படுத்திருக்கார்.

நாத்தனார்: சரி சரி… ஆனா இது மவுஸ வச்சு இழுக்கற வேலை இல்ல அண்ணி. இந்தக் கறுப்புத் திரைல ஒரே வரி அடிக்கணும். எந்தப் படம், எந்த எழுத்து, எந்தத் திசை, ஓரத்துலேர்ந்து எவ்வளவு உள்ள… எல்லாம் அதுக்குள்ள.

அண்ணி: திசையா? படத்துக்கா?

நாத்தனார்: மேப் மாதிரிதான். மேல வடக்கு, கீழ தெற்கு. தலைப்ப எல்லாரும் தெற்குலதான் போடுவாங்க.

அண்ணி: தெற்குல அவர் கால்தான் நீட்டிக்கிட்டு இருக்கு. வலது பக்கம் போடேன்.

நாத்தனார்: கிழக்கு. ஏன் அங்க?

அண்ணி: அது என் தலகாணி. அவர் தூக்கத்துல பேசறதெல்லாம் அங்கதானே வந்து விழும்.

நாத்தனார்: ஓ… உங்க தலை அழுத்தின குழி கூடத் தெரியுது. எழுத்த அந்தக் குழிக்குள்ளயே படுக்க வைக்கட்டுமா?

அண்ணி: …வை.

நாத்தனார்: ரொம்ப ஓரமா வைக்கக் கூடாது. பிரஸ்ல புத்தகமாக்கறப்போ ஓரத்த வெட்டுவாங்க, எழுத்தும் சேர்ந்து போயிடும். இருங்க… அடிச்சாச்சு… அய்ய, கட்டம் கட்டமா வருது!

அண்ணி: அவர் பேச்சு அவ்வளவு மோசமா?

நாத்தனார்: தமிழ் எழுத்துரு குடுக்க மறந்துட்டேன். இப்ப பாருங்க. "மழைய உள்ள கூப்பிடு, பாவம் நனையுது." …அண்ணி! இதுவா எங்க அண்ணன் சொன்னான்?

அண்ணி: விடியற நேரம். ஜன்னல்ல சாரல் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கண்ண மூடிக்கிட்டே சொன்னார். மெதுவா எழுந்து நின்னு படம் எடுத்தேன்.

நாத்தனார்: பகல்ல குழம்புல உப்பு இல்லன்னு கூடச் சொல்ல மாட்டான். வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும் அவனுக்கு.

அண்ணி: உதிர்ந்ததெல்லாம் பொறுக்கி வச்சிருக்கேன் பாரு. அடுத்தது போடு.

நாத்தனார்: "நிலாவ மடிச்சு அலமாரில வை." …"நீ ஏறினதும் பஸ்ஸே மெதுவாச்சு." …"நீ இருமினா எனக்குத் தொண்டை வலிக்குது."

அண்ணி: அது போன வருஷம் சொன்னது. அப்ப அவர் தொண்டைக்கு ஒண்ணுமே இல்ல.

நாத்தனார்: இருங்க, கண்ணத் தொடச்சுக்கறேன்… திரையே தெரியல.

அண்ணி: அழாத. நாளைக்கு ஆஸ்பத்திரில சேர்க்கணும். ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் இருக்காது, அவ்வளவுதான்… ஆள் இருப்பார். மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிக்கறப்போ இந்தப் புத்தகம் அவர் கைல இருக்கணும். எனக்கு அது போதும்.

நாத்தனார்: பிரஸ் மூடறதுக்குள்ள அனுப்பிடறேன். ஆனா ஒவ்வொரு படமா திசை மாத்தணுமே… சின்ன வயசுல அவன் கட்டில்ல சுத்தாத சுத்து இல்ல. தலை வச்ச இடத்துல காலைல கால் இருக்கும். என்னை எத்தன தடவை உதைச்சுத் தள்ளியிருக்கான்!

அண்ணி: எல்லாத்துக்கும் கிழக்கே போட்டுப் பாரு.

நாத்தனார்: பொருந்தாது அண்ணி.

அண்ணி: போட்டுத்தான் பாரேன்.

நாத்தனார்: அவன் சொன்னதையே ஒவ்வொரு படத்துக்கும் பேரா வச்சிருக்கீங்களே, அந்தப் பேரையே தலைப்பா எடுத்துக்கச் சொல்லிட்டேன்… ஓடுது… அட. இதுவும் சரி. இதுவும்… எல்லாத்துலயும் குழிக்குள்ள கச்சிதமா… இருங்க, இது ஒண்ணு மட்டும் தப்பு. செவுத்தப் பாத்துப் படுத்திருக்கான். தலைப்புக்குப் பதிலா ஏதோ நம்பர் வந்திருக்கு.

அண்ணி: அதுக்குப் பேர் வைக்கல. அன்னிக்கு ஒண்ணுமே பேசல, குறட்டைதான். நம்பர எடுத்துடு, படம் இருக்கட்டும். கடைசில கொஞ்சம் வெறும் பக்கமும் விடு.

நாத்தனார்: எதுக்கு?

அண்ணி: இனிமே எடுக்கப்போற படத்துக்கு. குரல் போனா என்ன… உதடு அசையும்ல.

நாத்தனார்: …அண்ணி.

அண்ணி: ம்?

நாத்தனார்: இந்தப் புத்தகத்த அவன்கிட்ட காட்டத்தான் வேணுமா? நீங்களே வச்சுக்கோங்களேன்.

அண்ணி: ஏன்டி?

நாத்தனார்: இல்ல… கூச்சப்படுவான்.

அண்ணி: தூக்கத்துல சொன்னதுக்கு என்ன கூச்சம்?

நாத்தனார்: அதான்… சரி விடுங்க.

அண்ணி: எதையோ முழுங்கற. துப்பு.

நாத்தனார்: உருண்டு புரள்றவன் இத்தன படத்துலயும் உங்க தலகாணியப் பாத்தேவா படுத்திருப்பான்? செவுத்தப் பாத்த அந்த ஒரு படத்துலதான் அவன் தூங்கியிருக்கான் அண்ணி. மத்ததெல்லாம்…

அண்ணி: முழிச்சிருந்துதான் சொன்னார்.

நாத்தனார்: தெரியுமா உங்களுக்கு!

அண்ணி: முதல் நாளே.

நாத்தனார்: கள்ளி! ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா அவன்கிட்ட?

அண்ணி: கேட்டா நிறுத்திடுவாரே.

நாத்தனார்: அடப்பாவமே… உங்களுக்குத் தெரியும்னே தெரியாம போகப்போகுதே அவனுக்கு! அது சரி… போன்ல படம் எடுத்தா 'கிளிக்'குன்னு கேக்குமே. அந்தச் சத்தத்த எப்படி அமத்தினீங்க?

அண்ணி: அமத்தவே இல்லடி. நான் கேட்டுட்டேன்னு அவருக்கு வேற எப்படிச் சொல்றது?