சூடு காணுமா?

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் பாதி சீட் காலி. ஆனாலும் ஒரு பெண் டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியின் மேல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். கணவன் கம்பியைப் பிடித்தபடி அருகில் நின்றான்.

"அக்கா, அது சுடும். பின்னுக்கு இருங்க," என்றார் கண்டக்டர்.

"சுடத்தான் வேணும் தம்பி. பிள்ளை கிடைக்கிறதுக்காக இடுப்புல ரெண்டு பக்கமும் ஹோர்மோன் ஊசி போடுறம். வீங்கிக் கட்டியாப் போச்சு. சுடு ஒத்தடம் குடுக்கச் சொல்லி நேர்ஸ் சொன்னவ."

"ஊசி ஆர் போடுற?"

"இவர்தான். போட்டுட்டு மயங்கி விழுந்திருவார்."

"ஒருக்காத்தான் விழுந்த நான்," என்றான் கணவன்.

ஏறாவூர் தாண்டியதும் அவள் மெல்ல மற்றப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். டிரைவர் கேட்டார்:

"தங்கச்சி, சூடு காணுமா, இன்னும் வேணுமா? காணாட்டிச் சொல்லுங்க, டவுன் வரைக்கும் செகண்ட் கியர்லயே போறன்."